மத்தார் வாங்கிய நீளத் தொட்டி பிக்கப்

சினாவ் சந்தைக்குப் பழைய பிக்கப் வாங்க வருகிற பாலைவனத்து ஆட்கள் முதலில் வண்டியைத் தேட மாட்டார்கள். மத்தார் பின் ஹுவைஷிலைத்தான் தேடுவார்கள். அவர் ஒரு சுற்று சுற்றிவந்து தலையாட்டினால் வாங்குவார்கள், தாடியைத் தடவினால் திரும்பிவிடுவார்கள். கைநாட்டு வைக்கிற மனிதர்தான். ஆனால், "வண்டி விஷயத்துல என்னை ஏமாத்துறவன் இனிமேத்தான் பொறக்கணும்" என்று அவர் மார்தட்டும்போது மறுத்துப் பேச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது, அவர் மனைவி ஷம்ஸாவைத் தவிர.

தோல்பையில் தண்ணீர் சுமந்த குடும்பம். யாரும் கைதூக்கி விடவில்லை. தண்ணீர் விற்ற காசிலேயே முதல் பிக்கப்பை வாங்கினார். தகர டப்பாதான். முன்னால் ஒரே நீள இருக்கை, ஏசி கிடையாது, ஸ்டீயரிங்கைத் திருப்ப இரண்டு ஆள் பலம் வேண்டும். மகன் சுஹைல் பிறந்ததே அந்த இருக்கையில்தான், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மணல்மேட்டுக்கு நடுவே. அடுத்தது நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. அது வந்தபிறகு அவர் ஏறாத மணல் இல்லை. அப்புறம் நான்கு கதவு வந்தது, ஏசி வந்தது, ஒரு விரலால் திருப்புகிற ஸ்டீயரிங் வந்தது, பின்னால் பார்க்கக் கேமராவும் வந்தது.

"வண்டியும் என்னை மாதிரிதான், வருஷா வருஷம் தொப்பை போடுது" என்பார் மத்தார். "ஆளு உக்கார்ற இடம் பெருசாச்சு, பின்தொட்டி சின்னதாச்சு. ஒட்டகம் எங்கய்யா உக்காரும்?"

அதனால்தான் ஒட்டகம் ஏற்றுவதற்கென்றே ஒரு பழைய ரெண்டு கதவு வண்டியை வைத்திருந்தார். ஆதம் ஊரில் ஒட்டகப் பந்தயம் நடப்பதற்கு முந்தின நாள் காலை அதன் இன்ஜின் இறுகி நின்றது. அவருடைய இளம்பெண் ஒட்டகம் ஸம்ஹாவுக்கு அது முதல் பந்தயம். அவள் ஓட்டத்தைப் பற்றிப் போகிற இடமெல்லாம் பெருமையடித்தாகிவிட்டது. அக்கம்பக்கத்து வண்டிகளிலெல்லாம் அவரவர் ஒட்டகம். மத்தார் சந்தைக்கு ஓடினார்.

பழைய வண்டி வியாபாரி தாலிப்பின் கொட்டடியில் நின்றிருந்தது அந்த வெள்ளை பிக்கப். நீளத் தொட்டி! மத்தார் நேரே அதனிடம் போனார். முதலில் பானெட்டில் கை வைத்தார், சில்லென்று இருந்தது. முன்கூட்டியே சூடேற்றி வைத்து ஏமாற்றவில்லை. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது, புகை இல்லை. ஆயில் மூடியின் அடியில் பால் நிறம் இல்லை, ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. பெடல் ரப்பர் தேயவில்லை, ஆக மீட்டர் பொய் சொல்லவில்லை. பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகள் விறைப்பாக நின்றன. அடியில் படுத்துப் பார்ப்பதுதான் பாக்கி. அதற்குள் நிஸ்வா ஊர்க்காரன் ஒருவன் வண்டியைச் சுற்ற ஆரம்பித்தான்.

மத்தாருக்குப் பொறுக்கவில்லை. தாலிப் ஊற்றிக்கொடுத்த காபிக் கோப்பையை வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்தார். கேட்டது கிடைக்காமல் அந்தக் காபி தொண்டையில் இறங்காது என்று அர்த்தம்.

"தாலிப், இந்த வண்டி எனக்குத்தான். வேற யாருக்கும் கிடையாது."

"குடிங்க அபு சுஹைல், வண்டி உங்களுது" என்றான் தாலிப். 'சுஹைலின் அப்பா' என்று மகன் பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவதுதான் அங்கே மரியாதை.

ஒரே மடக்கு. பேச்சு முடிந்தது. குடித்தபிறகு பின்வாங்குகிறவனை அந்த ஊரில் ஆண்பிள்ளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

ஷம்ஸா ஸம்ஹாவை நடத்திக்கொண்டு வந்துசேர்ந்தாள். மண்மேட்டை ஒட்டி வண்டியை நிறுத்தி ஏற்றப்பார்த்தால், ஸம்ஹா ஏறவில்லை. கழுத்தை வளைத்து, சக்கரத்துக்கு மேலே உட்பக்கத்தை நக்க ஆரம்பித்தாள். இழுத்தாலும் விடவில்லை.

"என்ன அபு சுஹைல், வண்டிக்குப் பேரீச்சம்பாகு தடவியா வாங்குனீங்க?" என்றாள் ஷம்ஸா. விரலால் தொட்டு நாக்கில் வைத்தவள் பாலைவனத்துப் பெண்கள் போடுகிற முகமூடிக்குள் சிரித்தாள். "பாகு இல்ல. உப்பு."

மத்தாருக்குப் புரிந்துவிட்டது. கடலோரத்தில் படகை இழுக்க அலைக்குள் பின்னோக்கி இறக்குகிற வண்டி! கீழே படுத்தார். வண்டியைத் தாங்குகிற சேஸில் அடித்திருந்த புதுக் கருப்புப் பெயிண்டின் மேல் கத்தி நுனியை வைத்து அழுத்தினார். துருப்பிடித்த இரும்பில் அது அல்வாவில் இறங்குவதுபோல் இறங்கியது.

"மத்தாருக்கே கடல் வண்டியா!" என்று நிஸ்வாக்காரன் கைகொட்டினான். "நல்லவேளை, நான் தப்பிச்சேன்!"

"குடிச்சது குடிச்சதுதான்" என்று எழுந்தார் மத்தார், தாடியெல்லாம் புழுதி. "வண்டி என்னுது. ஆனா ஸம்ஹாவை இதுல ஏத்த மாட்டேன். நடுவழியில சேஸ் முறிஞ்சா அவ கால் போயிடும்."

தாலிப்புக்கு முகம் வெளுத்துவிட்டது. "அல்லா சாட்சியா எனக்குத் தெரியாது. எந்த ஊர் வண்டின்னு வித்தவன்கிட்ட நான் கேக்கவே இல்ல. கேட்டா உண்மையைச் சொல்லிடுவானோன்னு பயம்."

"சரி தம்பி, ஒரு வாய் குடி. மயங்கி விழுந்துடாதே" என்று ஷம்ஸா அவனுடைய கூஜாவிலிருந்தே அவனுக்கு ஊற்றினாள்.

அவன் கோப்பையை வாங்கித் தரையில் வைத்தான்.

கொட்டடியில் இருந்தவர்களெல்லாம் நெருங்கி வந்தார்கள்.

"அபு சுஹைல், இதுக்குப் பதிலா நான் ஓட்டுற வண்டியை நீங்க எடுத்துக்கணும். அதுவரைக்கும் நான் குடிக்க மாட்டேன்."

மூலையில் நின்றது அது. சாயம் போன சாம்பல் நிறம், கதவில் பள்ளம், நீளத் தொட்டி. மலைப்பக்கத்திலேயே உழைத்த வண்டி. எத்தனையோ பேர் கேட்டும் தாலிப் விற்காதது. மத்தாருக்கு உடனே சரி என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. அடியில் ஊர்ந்து போனார். முன்சக்கரம் முதல் பின்தொட்டி வரை கத்தியால் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று மணியாகக் கேட்டது. காபி ஆறிக்கொண்டிருந்தது, கூட்டம் காத்திருந்தது. வெளியே வந்து புழுதியைக்கூடத் தட்டாமல், "குடி" என்றார்.

ஸம்ஹா அந்த வண்டியை ஒருமுறை மோந்துபார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாத்தீங்களா, ருசியே இல்லையாம்!" என்று கத்தினார் மத்தார். "சுத்தமான வண்டி! ஏத்துங்கடா!"

மறுநாள் ஆதமில் ஸம்ஹா மூன்றாவதாக வந்தாள். ஆனால் மத்தாரைச் சுற்றிக் கூடிய கூட்டம் பந்தயத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஒட்டகமா வண்டியை நக்கிக் கண்டுபிடித்தது என்றுதான் கேட்டது. சினாவ் செய்தி அவருக்கு முன்னாலேயே வந்துசேர்ந்திருந்தது.

"வேற என்ன?" என்றார் மத்தார் மார்பை நிமிர்த்தி. "என்னை ஏமாத்த முடியுமா? ஒட்டகத்துக்கே வண்டி பாக்கப் பழக்கி வெச்சிருக்கேன்ல!"

ஷம்ஸா ஓட்டுநர் இருக்கையில் ஏறி ஹாரனை அழுத்தினாள். "பழக்குனவரே, ஏறுங்க. போற வழியில நிறைய பேருக்குச் சொல்லவேண்டி இருக்கும்."