பின்சக்கர டிஸ்க்கும் நான் ஓட்டாத வேனும்

எங்கள் வீட்டில் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. அப்பா வாடகைக்கு விட வாங்கியது. அவர் போன பிறகு அண்ணன் ஓட்டினான். ராஜபாளையத்தில் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று யார் எதற்குக் கூப்பிட்டாலும் போவான். எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் சவாரி வரும்போது பின் ஆக்ஸில் முறிந்து வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் அதே மாதிரி ஆக்ஸில் ஒன்றைத் தேடி மாட்டிவிட்டு அடுத்த சவாரியைப் பார்த்திருப்பார்கள். என் அண்ணன் அப்படிப்பட்ட ஆளா? மதுரையில் ஒரு பழைய இரும்புக் கடையில், அடிபட்ட வெளிநாட்டுக் கார் ஒன்றின் பின் ஆக்ஸிலைப் பார்த்துவிட்டான். அதில் அம்பாசிடரின் டிரம் பிரேக்குக்குப் பதிலாக, சட்டென்று பிடிக்கும் டிஸ்க் பிரேக். முன்சக்கரங்களுக்கு முந்தின வருஷமே எங்கிருந்தோ டிஸ்க் கொண்டுவந்து மாட்டியிருந்தான். பின்னாலும் டிஸ்க் வந்துவிட்டால் இந்த மாவட்டத்திலேயே இப்படி ஒரு வண்டி கிடையாது என்று சோறு தண்ணி இல்லாமல் அலைந்தான்.

அவனுடைய கூட்டாளி ஒருவர் லேத் பட்டறை வைத்திருந்தார். இருவரும் அங்கேயே கிடந்தார்கள். ஆக்ஸில் எங்கள் வண்டியின் ஸ்பிரிங் பட்டையில் உட்காரவில்லை, வெட்டி வெல்டிங் வைத்தார்கள். ஓட்டிப் பார்த்தபோது பின்சக்கரம் இரண்டும் காய்ந்த தோசைக்கல் மாதிரி கொதித்தன. டிரம் பிரேக்குக்காகக் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் சின்ன வால்வு ஒன்று உள்ளே இருக்கிறது, அதனால்தான் டிஸ்க் பிடித்தபடியே இருக்கிறது என்று லேத்காரர் கண்டுபிடித்துக் கழற்றினார். அதன் பிறகு வண்டி நன்றாகவே நின்றது. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

கைபிரேக் மட்டும் சேரவில்லை. அம்பாசிடரின் கைபிரேக் இழுக்கும் விதம் வேறு, இந்த ஆக்ஸிலுக்கு வேறு. ஆக்ஸிலோடு வந்திருக்க வேண்டிய கைபிரேக் கேபிளை இரும்புக் கடையிலேயே வெட்டி எறிந்திருந்தார்கள். புதிதாகச் செய்து தருகிறேன், வண்டியை இன்னும் சில நாள் பட்டறையில் விடு என்று லேத்காரர் சொல்லியிருக்கிறார். முகூர்த்த நாட்கள் நெருங்கிவிட்டதால் அண்ணன் கேட்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது என்னிடம் அவன் சொன்னது வேறு.

“டிஸ்க்குக்குக் கைபிரேக்கே வேண்டாம்ட்டி” என்றான். நிறுத்தும்போது சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டால் போதுமாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்புட்டுப் பெரிய தேரே முட்டுக்கட்டையில்தான் நிற்கிறது, இது நிற்காதா என்று சிரித்தான். நானும் தலையாட்டினேன். எனக்கு என்ன தெரியும்? பின்சீட்டில் உட்கார்ந்தே வளர்ந்தவள்.

நான் அந்த வண்டியில்தான் ஓட்டப் பழகினேன். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மா வேன் வைத்துக்கொண்டு சேத்தூர், சோழபுரம் என்று ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பார். ஆம்பிளை டிரைவர் நிற்பதைப் பார்த்தால் பெண்கள் வேன் பக்கம் வரவே கூச்சப்படுகிறார்கள், லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வா, உனக்கே வேலை என்று என்னிடம் சொல்லியிருந்தார். பட்டப்படிப்பை முடித்துவிட்டு வீட்டில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த எனக்கு அது சாமியே நேரில் வந்து கேட்டது மாதிரி இருந்தது. அம்மா வேண்டாமென்று அழுதாள். அண்ணன்தான் எனக்காகச் சண்டை போட்டு, சாவியை என் கையில் கொடுத்தான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

விடிகாலையில் கூட்டிப்போவான். கியர் மாற்றத் தெரிந்தது, வளைவு தெரிந்தது, பஸ்ஸுக்கு ஒதுங்கத் தெரிந்தது. லைசென்ஸுக்கு நாளும் குறித்தாயிற்று. அதற்கு முன்னால் ஒருநாள் அண்ணன் பக்கத்தில் இருக்க, கண்மாய்க்கரை ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தேன். உச்சியில் ஒரு லாரி குறுக்கே திரும்பிக்கொண்டு நின்றது. நானும் ஏற்றத்திலேயே நிறுத்தினேன். லாரி விலகியதும் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலேட்டருக்குக் கொண்டுபோவதற்குள் கார் பின்னால் உருண்டது. மறுபடி மிதிப்பதற்குள் என்ஜினும் அணைந்தது. கால் பதறி எதை மிதித்தேனோ தெரியவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த பால்காரர் குதித்துத் தப்பினார். சைக்கிளும் கேனும் காருக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன. ரோடெல்லாம் பால்.

கூட்டம் கூடிவிட்டது. பொம்பளைப் பிள்ளை கையில் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தான் என்று பால்காரர் கத்தினார். நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவன் குனிந்து சைக்கிளை இழுத்துக்கொண்டே, “அவளுக்கு ஏத்தம் வராதுண்ணே, என் தப்புதான்” என்றான். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டான் என்று நினைத்து, பாவி, அன்றைக்கு நான் அவனுக்காக அழுதேன்.

டாக்டரம்மாவிடம் நானே போய், எனக்கு ஓட்ட வரவில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. இரண்டு மாதம் கழித்தும் ஆள் விட்டுக் கேட்டார். மாட்டேன் என்றேன். பிறகு ஒரு ஆம்பிளை டிரைவரைப் போட்டுவிட்டார். அந்த வேன் எங்கள் தெரு வழியாகப் போனால் நான் உள்ளே போய்விடுவேன். மறுவருஷம் எனக்குக் கல்யாணமாகி சாத்தூர் போனேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் காரை விற்றார்கள். நான் ஊருக்கு வந்திருந்தேன். வாங்க வந்தவருக்கு வண்டியைக் காட்ட லேத்காரரும் வந்திருந்தார். கைபிரேக்கை இழுத்துக் காட்டி, “மலையிலயும் நிக்கும்யா, என் கையால போட்ட கேபிளு” என்றார். இந்த வண்டிக்கு ஏது கைபிரேக் என்று நான் கேட்டேன். “என்ன தங்கச்சி, நீங்க பால்காரர இடிச்ச மறுவாரமே அண்ணன் வந்து போடச் சொல்லிட்டாருல்லா” என்றார் சாதாரணமாக.

ஏற்றத்தில் நின்ற வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்து எடுக்கக் கைபிரேக்தான் வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாங்க வந்தவர் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, அண்ணனை வீட்டுக்குப் பின்னால் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். கைபிரேக் இல்லாத வண்டி என்று வெளியே தெரிந்தால் எவன் சவாரிக்கு வருவான் என்று பயந்தேன் என்றான். நீ நல்லாத்தான் ஓட்டினாய் என்றான். இத்தனை வருஷம் கழித்து. அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. டாக்டரம்மாவும் ஊரைவிட்டுப் போய்விட்டார், வேனும் இல்லை, இனி அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஊருக்குப் பயந்தாய், சரி. கேபிள் போட்ட பிறகாவது ஏன் என்னைத் திரும்ப ஓட்டக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். டாக்டரம்மா அப்போதும் எனக்காகக் காத்துக்கொண்டுதானே இருந்தார்.

“கூப்பிட்டா, இப்பம் மட்டும் ஏத்தத்துல எப்படிண்ணே நிக்குதுன்னு நீ கேப்பியே” என்றான்.