தூங்குமூஞ்சிக்குப் பசி வந்த கதை

வாளியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அது வருகைப் பதிவேட்டோடு சரி. மற்றபடி அந்தப் பால்பண்ணையில் எல்லோருக்கும் அவள் வாளியக்காதான். பதினோரு வருடமாகக் கன்றுக் கொட்டகையில் பால் கொடுக்கிறாள். காலை ஆறு மணிக்கு ஒருமுறை, மாலை நான்கு மணிக்கு ஒருமுறை. வாசலில் நின்று வாளி மூடியால் இரும்புக் கம்பத்தில் மூன்று தட்டு தட்டுவாள். அவ்வளவுதான், கன்றுகள் அத்தனையும் அடித்துப் பிடித்து எழுந்து, எச்சில் ஒழுகத் தடுப்புக்கு வெளியே மூக்கை நீட்டும்.

"நான் பெத்ததுங்ககூட ஒரு தட்டுக்கு இப்படி எழுந்ததில்ல" என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

அந்தத் தலைக்கனத்தில் மண் விழுந்தது கடைசித் தடுப்பில் இருந்த கன்றால். பிறந்து மூன்று வாரம். காதுமடலில் ஒரு கறுப்புப் பொட்டு. மூடி தட்டினால் மற்ற இருபத்தொன்றும் எழும். இது மட்டும் வைக்கோலில் சுருண்டு கிடக்கும். முகத்துக்கு நேரே வாளியை நீட்டினால் திடுக்கிட்டுப் பின்வாங்கும். இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்று படுத்துவிடும். தூங்குமூஞ்சி என்றே பெயர் வைத்துவிட்டாள். விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் குழாய் விட்டுப் பால் ஊற்றினார்கள். அந்த நேரத்தில் வாளியக்கா கழுவிய வாளியையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பாள்.

"சனிக்கிழமை வண்டி வருதுக்கா. தேறாதத ஏத்தி அனுப்பிடலாம்" என்றார் மேனேஜர். வண்டி கறிக்கடைக்குப் போகிற வண்டி. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கன்றுகளின் பசியை ஆராயவென்றே ஒரு டாக்டரம்மா அப்போது பண்ணைக்கு வந்திருந்தார். வாளியக்காவின் மகள் வயதுதான் இருக்கும். மூடி தட்டிய பிறகு, பாலைக் கண்ணில் காட்டுவதற்கு முன், ஒவ்வொரு கன்றிடமும் ரத்தம் எடுப்பார். அதுவரை யாரும் கன்றைத் தொடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

திங்கட்கிழமை தூங்குமூஞ்சியின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இரைப்பையில ஒரு ஹார்மோன் ஊறும்க்கா. சாப்பாடு வரப்போகுதுன்னு உடம்புக்குத் தெரிஞ்சா, ரத்தத்துல அது ஏறும். அதுதான் பசியைக் கிளப்புறது. மத்ததுக்கெல்லாம் ஏறியிருக்கு. இதுக்கு ஏறவே இல்ல."

"பசியில்லாம ஒரு கன்னு பொறக்குமா, டாக்டரம்மா?"

"ரத்தம் அப்படித்தான் சொல்லுது. ஒரு டானிக் குடுத்துப் பாக்கறேன்."

"ரத்தம் சொல்லட்டும். நான் ஒத்துக்க மாட்டேன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். "எங்க வீட்டுக்காரர்கூட நான் தட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேக்கறவரைக்கும் பசிக்கலைன்னுதான் சொல்லுவாரு."

மறுநாள் மாலை ஈரக் கையிலிருந்து மூடி நழுவி, தூங்குமூஞ்சியின் பின்னால் சிமெண்டுத் தரையில் விழுந்தது. கொட்டகையே அதிர்ந்தது. பக்கத்துக் கன்று எகிறிக் குதித்தது. தூங்குமூஞ்சியின் காது ஆடவில்லை. வாளியக்கா குனிந்து மூடியை எடுத்து, அதன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தடவை வேண்டுமென்றே போட்டாள். அப்போதும் ஆடவில்லை.

"அட, உனக்குக் காதே கேக்கலையா?" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பால் வருதுன்னு உங்கிட்ட யாருமே சொல்லலையே கண்ணு."

புதன்கிழமை கால் மணி நேரம் முன்னதாகவே வந்து தூங்குமூஞ்சியின் தடுப்புக்குள் போனாள். தாடைக்குக் கீழே தேய்த்துவிட்டாள். பாலில் நனைத்த இரண்டு விரலை வாய்க்குள் வைத்தாள். முதலில் சும்மா வைத்திருந்தது, பிறகு மெல்லச் சப்பியது. கொஞ்ச நேரத்தில் எழுந்து, அவள் மடியை முட்டித் தள்ளியது. அதன்பின் வாளியைக் காட்டினால், பாதி வாளி காலி.

வியாழக்கிழமை ரத்தம் எடுக்கும் நாள், தொடக்கூடாத நாள். தொட்டாள். டாக்டரம்மா வருவதற்குள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவள் போல் வெளியே போய் மூடியைத் தட்டினாள்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா ஓடிவந்தார். "ஏறியிருக்குக்கா! நான் குடுத்த டானிக் வேலை செஞ்சிருக்கு. வண்டியில ஏத்த வேண்டாம்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்."

கன்று பிழைத்தது, சட்டத்தை மீறியதும் வெளியே தெரியவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மறுநாள் அவள் ஊருக்குப் போகிறாள். மகளுக்குப் பிரசவ நேரம். வரப் பத்து நாளாகும். அவள் இடத்துக்கு வருகிற ஆள் மூடியைத் தட்டிவிட்டு வாளியை நீட்டுவான். தூங்குமூஞ்சி மறுபடி படுக்கும். அடுத்த சனிக்கிழமையும் வண்டி வரும்.

"டானிக் இல்ல டாக்டரம்மா" என்றாள். "நான்தான் தொட்டேன்."

டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா. இப்ப அந்த ரத்தம் எதுக்கும் ஆகாது."

"திட்டுங்க, தப்புதான். திட்டி முடிச்சிட்டு, அதும் பின்னால நின்னு ஒரு தட்டு தட்டிப் பாருங்க."

டாக்டரம்மா தட்டினார். உரக்கத் தட்டினார். காது ஆடவில்லை. குனிந்து அந்தக் கறுப்புப் பொட்டுக் காதைத் தொட்டுப் பார்த்தார்.

"மூணு வாரமா நானும் பாக்கறேன். எனக்குத் தோணவே இல்லையே."

"நீங்க ரத்தத்தப் பாத்தீங்க. நான் மூடியக் கீழ போட்டேன்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பத்து நாளைக்கு யாருக்கா விரல் குடுக்கறது?"

வாளியக்கா அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "மொதல்ல இந்த நகத்த வெட்டுங்க."

சனிக்கிழமை காலை பெட்டியைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு, பேருந்துக்கு நேரமாகிறது தெரிந்தும் நின்றாள். உள்ளே டாக்டரம்மா வைக்கோலில் மண்டியிட்டிருந்தார்.

"அப்படி இல்ல, தாடைக்குக் கீழ. இன்னும் கீழ. அவசரப்படாதீங்க, அதுக்கு நேரம் வேணும்."

"எனக்கும்தான்க்கா."

வெளியே வண்டி வந்து நின்று, வேறு சுமையை ஏற்றிக்கொண்டு போனது. வாளியக்கா பழக்கதோஷத்தில் மூடியை எடுத்து மூன்று தட்டு தட்டினாள். இருபத்தொரு கன்றுகள் அடித்துப் பிடித்து எழுந்தன. கடைசித் தடுப்பில் தூங்குமூஞ்சி, டாக்டரம்மாவின் விரலைச் சப்பியபடி, அதற்கு முன்பே எழுந்து நின்றிருந்தது.