செருப்பு ஸ்டாண்டை நகர்த்திய கதை

எங்கள் பனியன் கம்பெனியின் பாதுகாப்புக் கமிட்டியில் நானும் ஒரு உறுப்பினர். ஆடிட்டுக்கு வருகிறவர்கள் கமிட்டியில் பெண் இருக்கிறாளா என்று பார்ப்பார்களாம். அதற்காக என்னைப் பிடித்துப் போட்டார்கள். கையெழுத்துப் போடுகிறவளுக்கு வாய் எதற்கு? எனக்கு வாய் உண்டு. அதுதான் வம்பு.

இரண்டாம் மாடியில் வேலை செய்கிற எல்லோரும் பெண்கள். நான் டெய்லர், என் மகள் செக்கிங். வெள்ளைத் துணி அழுக்காகும் என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செருப்பு ஸ்டாண்டு மாடிப்படி தொடங்கும் இடத்திலேயே இருந்தது. தீ ஒத்திகைக்கு மணி அடித்ததும் அத்தனை பேரும் அங்கே குனிந்து அவரவர் செருப்பைத் தேடினோம். படி அடைத்துக்கொண்டது. கீழே நின்று நேரம் பார்த்த மேனேஜர் சிரித்தார்.

அடுத்த மீட்டிங்கில், "ஸ்டாண்டக் கீழ கொண்டு போயிரலாமுங்க சார்" என்றேன்.

"கீழ லோடு ஏத்தற எடமுங்க. ஆடிட்ல இதையெல்லாம் யாருங்க கேக்கறாங்க?" என்றார் மேனேஜர். மற்ற உறுப்பினர்கள், மூன்று ஆண்கள், டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தைக்கும்போது கண் படிப்பக்கமே போகும். தையல் கோணிப்போய்த் திட்டு வாங்கினேன். படியோர மேசைக்கு மாறிக்கொள்ளச் சொன்னால், "உனக்கு வேற வேலையே இல்லியா?" என்று மகள் எரிந்து விழுந்தாள்.

மழை பெய்த ஒரு மத்தியானம் எங்கள் மாடியிலேயே இருந்த அயர்ன் செக்‌ஷன் சுவிட்ச் போர்டிலிருந்து கரும்புகை கிளம்பியது. "எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தியது நான்தான். கத்திக்கொண்டே ஓடிப்போய் முதலில் குனிந்தவளும் நான்தான். போன வாரம் வாங்கிய செருப்பு. பின்னால் இருமிக்கொண்டே நெருக்கினார்கள். "அம்மா, போம்மா!" என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அலறியது. எந்தப் பிள்ளையோ தன் அம்மாவைக் கூப்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டே இடது கால் செருப்பைத் தேடினேன்.

யாரோ மெயினை அணைத்ததால் தீ பிடிக்கவில்லை. எல்லோரும் இறங்கிவிட்டோம். என் மகள் கடைசியாக, வெறுங்காலோடு வந்தாள். இருமி முடித்தபின், "உன்னையத்தான் கூப்பிட்டேன்" என்றாள். நாலு பேர் முன்னால் என்னை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

மறுநாள் காலை ஷிப்டுக்கு முன்பே பத்துப் பெண்கள் சேர்ந்து ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினோம். ஒரு முனையை மகள் பிடித்திருந்தாள். என்னோடு பேசவில்லை. மேனேஜர் ஓடி வந்தார்.

"யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"உங்களத்தான் அன்னிக்கே கேட்டனுங்களே சார்" என்றேன். "இனிமே கேக்கறதா இல்லீங்க."