கோரைத்தாங்கல் ஏரி மண்ணை அளந்த செல்வி

மண்ணின் காந்தத்தன்மையை அளக்கும் புதுக் கருவி வந்த முதல் வாரம், ஆரோக்கியசெல்வி பக்கத்தில் போனாலே எண் எகிறியது. தள்ளிப் போனால் இறங்கியது. கருவியில் ஏதோ கோளாறு என்று கம்பெனிக்கு மெயில் எழுத உட்கார்ந்துவிட்டாள் ஆராய்ச்சி மாணவி கலைமதி.

"கொஞ்சம் இருங்க மேடம்" என்றார் செல்வி. இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்துப்போய் வெளியே வைத்துவிட்டு வந்தார். எண் ஆடாமல் நின்றது.

அன்றைக்கே ஆய்வகத்தில் புதுச் சட்டம் வந்தது. சாவி, போன், ஊக்கு எதுவும் உள்ளே வரக்கூடாது. துறைத்தலைவர் தேவசகாயம்கூட வாசலில் இருந்த பிளாஸ்டிக் வாளியில் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு கையால் பேன்டைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

திண்டிவனத்தில் உள்ள அந்தக் கல்லூரியின் நிலவியல் துறையில் செல்வி பன்னிரண்டு வருஷமாக உதவியாளர். வயது நாற்பத்தொன்று. பிறந்தது கண்டமங்கலம் பக்கம். பிளஸ் டூவில் வேதியியலில் நல்ல மார்க் வாங்கியும் மேலே படிக்க வைக்க வீட்டில் வழியில்லை. கோரைத்தாங்கலுக்குக் கல்யாணமாகி வந்து, ஏழெட்டு வருஷம் ஊராரின் மானாவாரிக் கொல்லைகளில் மல்லாட்டை எனும் நிலக்கடலை பிடுங்கினார், களை எடுத்தார். அதற்குப் பிறகுதான் இந்த வேலை. குடுவை கழுவுவார், பரீட்சைக்குக் கற்களை எடுத்து வைப்பார்.

கலைமதியின் ஆராய்ச்சி, ஏரி வண்டலில் ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்பது. எல்லா மண்ணையும் ரசாயனச் சோதனைக்கு அனுப்பினால் மாதக்கணக்கில் ஆகும். ஆனால் உலைப் புகையிலும் கழிவிலும் அந்த உலோகங்களோடு நுண்ணிய இரும்புத் துகள்களும் கலந்து வரும். அவற்றைக் காந்தக் கருவி சில நொடியில் காட்டிவிடும். எண் எங்கே கூடுதலோ, அந்த மண்ணை மட்டும் சோதனைக்கு அனுப்பினால் போதும்.

"எங்க ஊரு ஏரிக்கு மேக்கால, பழைய இரும்ப உருக்குற உலை ஒண்ணு இருக்குது மேடம்" என்று செல்வி சொன்னதால்தான் கோரைத்தாங்கல் ஏரி பட்டியலில் ஏறியது.

வைகாசி வெயிலில் தண்ணீர் வற்றியிருந்தது. முட்டிவரை சேற்றில் நின்று, இருவரும் பிவிசி குழாயை அழுத்தி இறக்கி மண் எடுத்தார்கள். அதை நிழலில் உலர்த்தி, சலித்து, கட்டைவிரல் அளவு டப்பாக்களில் அடைத்து, ஒவ்வொன்றையும் மும்மூன்று முறை அளந்தார்கள். கிழக்குக் கரை மண் முப்பது, நாற்பது காட்டியது. மேற்கே, ஓடை வந்து சேரும் இடத்தில் அறுநூறு. தெற்கு மூலையிலும் நானூறு.

"இத வெச்சே ஈயம்னு சொல்லிட முடியாதுக்கா. பாறை கரைஞ்சு வந்த கருப்பு மணலாக்கூட இருக்கலாம்" என்றாள் கலைமதி.

செல்வி தான் எழுதி வைத்திருந்த நோட்டைப் புரட்டினார். "பாறையிலேர்ந்து வந்துதுன்னா அடி மண்ணுலயும் இருக்கணுமில்ல மேடம்? மேக்கால மேல் மண்ணுல மட்டுந்தான எகிறுது?"

கலைமதி நோட்டை வாங்கிப் பார்த்தாள். அடுத்து நுண்ணோக்கியின் கீழ் அந்த மண்ணை வைத்தாள். பளபளவென்று கருப்பு உருண்டைகள். உலைச் சூட்டில் உருகினால்தான் அப்படித் திரளும். தெற்கு மூலை மண்ணில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. இரண்டும் சென்னைக்குச் சோதனைக்குப் போயின. முடிவு வர மூன்று வாரம்.

ஊரிலோ கொல்லைகளுக்கு உரமாக அடிக்கத் திங்கட்கிழமை ஏரி மண் அள்ளப்போகிறார்கள். செல்வி நேராக, டிராக்டர் விட்டு மண் அள்ளும் பச்சைமுத்துவிடம் போனார். முன்பு செல்வி கூலிக்குப் போன கொல்லைகளில் அவருடையதும் ஒன்று.

"மேக்கால மண்ணையும் தெக்கு மூலையையும் மூணு வாரம் தொடாம இருங்கண்ணா."

பச்சைமுத்து சிரித்தார். "என் கொல்லையில மல்லாட்டை பிடுங்கிக்கினு இருந்தவ, எனக்கே மண்ணு பத்திப் பாடம் எடுக்குறியா?"

செல்வி நகரவில்லை. "அந்த மல்லாட்டைய எங்க ஊட்லயும்தாண்ணா துன்றோம்."

"விஷம்னு எழுதிக் குடுப்பியா?"

"மாட்டேன். இன்னும் தெரியாது. அதனாலதான் பொறுக்கச் சொல்றேன்."

"பேஜாரு புடிச்ச வேலை" என்று முணுமுணுத்தாலும், டிராக்டரைக் கிழக்குப் பக்கம் விடச் சொன்னார். அங்கே நல்ல வண்டல் குறைவு. நாலு லோடோடு நின்றுபோனது. அதற்குள் கோடை மழை பிடித்துக்கொள்ள, ஏரிக்குள் டிராக்டர் இறங்க முடியாமல் போனது.

முடிவு வந்தது. மேற்கு மண்ணில் ஈயமும் துத்தநாகமும் இயல்பாக இருப்பதைவிடப் பல மடங்கு. தெற்கு மூலையில் இருந்தது வெறும் கருப்பு மணல். ஒரு கெடுதலும் இல்லை.

"நாம எல்லாரும்தானக்கா சந்தேகப்பட்டோம்" என்றாள் கலைமதி. செல்விக்கு அது போதவில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் பச்சைமுத்துவைத் தேடிப் போனார்.

"தெக்கு மூல மண்ணு நல்ல மண்ணுதாண்ணா. நான் சொன்னது தப்பாப் போச்சு. உங்களுக்கு ஒரு வருச வண்டல் போச்சு."

"அத்தச் சொல்லவா வந்த?"

"ஆமாண்ணா."

"மேக்கால?"

"அது தப்பாவல. ஈயம் இருக்குது."

திட்டு விழும் என்று காத்திருந்தார் செல்வி. பச்சைமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் இறங்கியிருந்தது. "போன வருசம் அங்கேர்ந்து ரெண்டு லோடு கொண்ணாந்து கேப்பைக் கொல்லையில அடிச்சனேம்மா. இப்ப இன்னா பண்றது?"

"வாங்க, ஜல்தியா மண்ண எடுத்துடலாம். இருட்டிடப் போவுது."

இருவரும் வரப்பில் நடந்தார்கள். மண் கொட்டிய இடத்தை அவர் காட்ட, செல்வி பை பையாக எடுத்து ஒவ்வொன்றிலும் இடத்தை எழுதினார். மறுநாள் அளந்ததில் ஒரு மூலை மட்டும் கூடுதலாகக் காட்டியது. சோதனை முடிவு வரும்வரை அந்த மூலையில் எதுவும் விதைக்கவில்லை பச்சைமுத்து.

சோதனை முடிவைப் பார்த்துவிட்டு அதிகாரிகள் வந்து உலையின் கழிவு வாய்க்காலை அடைத்தார்கள். விசாரணை இன்னும் நடக்கிறது. இப்போதெல்லாம் சனிக்கிழமையானால் பக்கத்து ஊர்க்காரர்கள்கூட மண் பையோடு செல்வி வீட்டைத் தேடி வருகிறார்கள். அவர் எல்லாரிடமும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எத்தினி அடி ஆழத்துல எடுத்தீங்க?"