நாலாவது காம்பராக்காரி கேட்டது

பல்கலைக்கழகத்துக்காக வீடு வீடாகப் போய் நான் கேட்பது மொத்தம் ஒன்பது கேள்விகள். மனநலமும் அன்றாட வாழ்வும் பற்றிய ஆய்வு என்று தாளின் தலையில் போட்டிருக்கும். தூக்கம், பசி, களைப்பு என்று எட்டு கேள்விகள் சுலபமாகப் போய்விடும். ஒன்பதாவதுதான் எனக்குச் சங்கடம். 'கடந்த இரண்டு கிழமைகளில், உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்று எத்தனை நாள் நினைத்தீர்கள்?' அதற்கு முன்னால் ஒரு சின்ன இருமல் இருமிக்கொள்வேன். கேட்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டேன், தாளைப் பார்ப்பேன். அந்தப் பதினான்கு நாளுக்கும் பதில் நான்கில் ஒன்று: இல்லை, சில நாள், பல நாள், எல்லா நாளும்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், நாலாவது காம்பராவில் தனியாக இருந்த ஒரு பெண் 'எல்லா நாளும்' என்றார். என் வயதுதான் இருக்கும். மகள் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை என்றார். அப்படி யாராவது பதில் சொன்னால் என்ன செய்வது என்று எங்களுக்கு விதி இருக்கிறது. உதவிக்கு அழைக்கும் இலக்கம் அச்சடித்த துண்டைக் கொடுக்க வேண்டும், தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்ல வேண்டும், தாளின் மூலையில் உள்ள பெட்டியில் சரி போட வேண்டும். மூன்றையும் செய்தேன். விதியில் இல்லாத ஒன்றையும் செய்து தொலைத்தேன். "அடுத்த கெழம வர்றேங்கக்கா" என்றேன்.

போகவில்லை. அடுத்த கிழமை திம்புள்ளப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த கிழமை கூட்டம். பிறகு என் அம்மா இறந்துபோனார். காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்டேன். எல்லோரும் என் தைரியத்தை மெச்சினார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

ஒரு வருசம் கழித்து அதே வீடுகளுக்கு இரண்டாம் முறை போக வேண்டும் என்று பட்டியல் வந்தது. அதில் நாலாவது காம்பராவின் இலக்கம் இருந்தது. அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாரா என்று பட்டியலில் போட்டிருக்காது. டிஸ்பென்சரிக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். எடுக்கவில்லை. தெரிந்துகொள்ளப் பயம், அவ்வளவுதான். மற்றவர்களின் பயத்தை அளந்து எழுதிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இந்த லட்சணம்.

ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். நோர்வூட்டில் பஸ் ஏறும்போது வெயில் அடித்தது. லயத்துக்கு ஏறும் படிகளில் கால் வைத்தபோது பனி இறங்கி, பக்கத்துத் தேயிலைச் செடியே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை லயத்தில் றேடியோவும் துணி துவைக்கும் சத்தமும் கேட்க வேண்டும். அன்று ஒன்றும் கேட்கவில்லை.

முதல் காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. வணக்கம் சொல்லி, ஆய்வுக்காக வந்திருக்கிறேன் என்றேன். நான் தாளை எடுப்பதற்குள் அவர் சொல்லத் தொடங்கிவிட்டார்.

"இல்ல. சில நாள். சில நாள். இல்ல. பல நாள். இல்ல. இல்ல. சில நாள்." கொஞ்சம் நிறுத்தினார். "கடைசிக் கேள்விக்கு நேத்து சில நாளுன்னு சொன்னேன். இன்னைக்கு இல்லன்னு போட்டுக்குங்க."

தாளை வெளியே எடுக்காமலே கேட்டேன். "நேத்து யாருங்கய்யா வந்து கேட்டா?"

"என்னங்க மிஸ், வெளையாடுறீங்களா? நீங்கதானே கேட்டீங்க. கண்ணுதான் போச்சு, கொரல் தெரியாதா? தெனம் வந்துதானே கேக்குறீங்க."

நான் ஒரு வருசமாக அந்தப் பக்கமே வந்ததில்லை. இரண்டாவது, மூன்றாவது காம்பராக்களைத் தாண்டி நேரே நாலாவதுக்கு நடந்தேன். கதவில் பூட்டு தொங்கியது. வாசலில் அடுப்புச் சாம்பல்கூட இல்லை. போய்விட்டார், நான்தான் போகவிட்டேன் என்று நினைத்தேன். பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அது கேட்டது. பனிக்குள்ளிருந்து, இரண்டு மூன்று காம்பராக்கள் தள்ளி, ஒரு சின்ன இருமல். பிறகு, "கடந்த இரண்டு கிழமைகளில், உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்று எத்தனை நாள் நினைத்தீர்கள்?"

அது என் குரல். என்னைப் போன்ற குரல் என்று சொன்னால் பொய். 'எத்தனை' என்ற இடத்தில் நான் அவசரப்படுவேன், அந்த அவசரம்கூட அப்படியே இருந்தது. வந்து நிற்பது நான்தானா, இல்லை ஏற்கெனவே வந்துவிட்டேனா என்று ஒரு கணம் குழம்பிப்போனேன். பிள்ளையாரப்பா என்று வாய்க்குள் முனகிக்கொண்டே சத்தம் வந்த பக்கம் போனேன்.

ஏழாவது காம்பராவின் வாசலில், ஓர் இளம் தாயின் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் அந்தப் பெண்தான். உயிரோடுதான் இருந்தார். மடியில் கார்ட்போட் மட்டை, அதன்மேல் கொப்பி, காதில் பென்சில். தலையை ஒருபக்கமாகச் சாய்த்திருந்தார். நான் அப்படித்தான் சாய்ப்பேனாம், லயத்தில் பிறகு சொன்னார்கள். என்னைப் பார்த்து அவர் திடுக்கிடவில்லை. கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, அந்தத் தாயின் பதிலுக்குக் காத்திருந்து, எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

"துண்டோட சேத்து ஒரு கேள்வித்தாளும் விட்டுட்டுப் போய்ட்டீங்க மிஸ்," என்றார். இப்போது பேசியது அவருடைய சொந்தக் குரல். "டிஸ்பென்சரியில மாத்திர குடுத்தாங்க, போட்டேன். அடுத்த கெழம நீங்க வருவீங்கன்னு வாசல்லயே இருந்தேன். வரல. சரி, நம்மகிட்ட யாரும் கேக்கலன்னா நாம கேப்போம்னு பக்கத்து வீட்டுல கேட்டேன். எனக்குக் கேக்கத் தெரியாதுங்களே, நீங்க கேட்ட மாதிரியே கேட்டேன்."

கொப்பியைக் காட்டினார். லயம் முழுக்க, ஒவ்வொரு நாளும், ஒவ்வொருவரும். பெரியவரின் 'சில நாள்' மழைக்காலத்தில் 'பல நாள்' ஆகியிருந்தது. ஆன நாட்களில் எல்லாம் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'சோறு கொண்டு போனேன்' என்று எழுதியிருந்தது. பல்கலைக்கழகத்தில் இதைச் சொன்னபோது, தினம் கேட்டதில் அந்த லயத்தின் தரவு கெட்டுப்போய்விட்டது என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அது பிறகு நடந்தது.

"மன்னிச்சிருங்கக்கா," என்றேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். உக்காருங்க மிஸ்," என்று முக்காலியை என் பக்கம் தள்ளினார். புதுப் பக்கம் திருப்பினார். நான் சிரித்துப் பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை. என் குரலில் முதல் கேள்வியைக் கேட்டார். எட்டுக்கும் மளமளவென்று பதில் சொன்னேன், எனக்குத் தெரியாத கேள்வியா? ஒன்பதாவதைக் கேட்டபோது அவர் தாளைப் பார்க்கவில்லை.

"இல்லை," என்றேன்.

பென்சில் எழுதவில்லை. சுற்றிலும் பனி. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவசரமில்லங்க மிஸ். யோசிச்சுச் சொல்லுங்க. நான் எங்கயும் போகல."

"பல நாள்," என்றேன். அம்மா போன பிறகு அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.