ஒரு அண்ணா போட்டோ கேக்குறாரு

பருத்திப்பட்டில் அந்தத் தனியார் பள்ளிக்கு ஹெலினா கம்ப்யூட்டர் மிஸ். பேர்தான் கம்ப்யூட்டர் மிஸ். பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் அவள்தான், ஆண்டு விழாவில் மைக் பிடிப்பதும் அவள்தான். போதாததற்கு ‘இணையப் பாதுகாப்பு வாரம்’ என்று ஒன்றையும் தாளாளர் அவள் தலையில் கட்டினார். பேனர் அடித்தார், அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார், காரில் ஏறிப் போய்விட்டார்.

ஹெலினா அதை நன்றாகவே செய்தாள், இல்லையென்று சொல்ல முடியாது. தெரியாதவர்களுக்குப் போட்டோ அனுப்பக் கூடாது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ராகம் போட்டுச் சொல்ல வைத்தாள். யாராவது மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள், சந்தேகமென்றால் என்னிடம் வாருங்கள், திட்டவே மாட்டேன் என்றாள். தெரியாதவர் என்றால் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதையெல்லாமா சொல்வார்கள்? ஆனால் நம் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறவர் அண்ணா, தண்ணீர் கேன் போடுகிறவர் அண்ணா. அண்ணா என்று கூப்பிட்டுவிட்ட ஆளை எந்தக் குழந்தை தெரியாதவர் கணக்கில் சேர்க்கும்?

அடுத்த வாரம் ஐடி கார்டு வேலை. கார்டு அடிக்கும் ஸ்டூடியோக்காரர், பிள்ளைகள் வீட்டிலிருந்து எடுத்து அனுப்ப வேண்டிய போட்டோ இன்னும் வரவில்லை என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். ஹெலினா பிரிண்டரில் சிக்கிய தாளை உருவிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்பு ரோஷினி வந்து நின்றாள்.

“மிஸ், ஒரு அண்ணா போட்டோ கேக்குறாரு. குடுக்கலாமா?”

“நீ இன்னும் குடுக்கலியா? யூனிஃபார்ம்ல எடுத்து சீக்கிரம் அனுப்புடா கண்ணு.”

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கேட்டது ஸ்டூடியோ அண்ணா இல்லை. மொபைல் கேமில் பழக்கமாகி, தினமும் “சாப்டியா பாப்பா” என்று விசாரித்த எவனோ ஒருவன். அந்தப் பாவி அவள் முகத்தை வேறு ஏதோ அசிங்கப் படத்தில் ஒட்டினான். அவளை மிரட்டினான். அவள் பயந்து பதில் போடாமல் இருந்ததும், அவளிடமே முன்பு கேட்டு வாங்கி வைத்திருந்த அப்பா பாஸ்கரனின் வாட்ஸ்அப் நம்பருக்கே படத்தை அனுப்பிவிட்டான்.

ரோஷினி பள்ளிக்கு வருவது நின்றுபோனது. ஹெலினா போன் செய்தபோது அம்மா ஷர்மிளா அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். “யாரோ அண்ணாவாம் மிஸ், போட்டோ கேட்டானாம்.” ஹெலினாவுக்கு அப்போதுதான் பிரிண்டர் பக்கத்தில் நின்ற குழந்தை ஞாபகத்துக்கு வந்தது. சொல்லிக் கொடுத்தபடியேதானே வந்து கேட்டது அந்தப் பிள்ளை!

அன்று சாயங்காலமே கோவில்பதாகையில் இருந்த அவர்கள் வீட்டுக்கு ஓடினாள். எப்படியாவது ரோஷினியைத் திரும்பப் பள்ளிக்கு வரவழைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பாஸ்கரன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். முகம் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் ரோஷினி. கையில் பிரம்புத் தடம்.

“போலீஸ்ல சொல்லலாம் சார். பேர் வெளிய வராது. அவ மேல தப்பே இல்ல.”

“தப்பு இல்லியா? யாரக் கேட்டுக் குட்த்தன்னு அட்ச்சிக் கேட்டேன் டீச்சர். வாயத் தொறக்கல. இனிமே படிப்பும் வாணாம், ஒண்ணும் வாணாம்.”

“என்னைக் கேட்டுத்தான் சார் குடுத்தா. ஸ்டூடியோன்னு நெனச்சு நான்தான் குடுக்கச் சொன்னேன்.”

பாஸ்கரன் மகள் பக்கம் திரும்பினார். “இத ஏம்மா சொல்லாம கீற? அவ்ளோ அடி வாங்குனியே!”

“மிஸ்ஸுக்கு வேலை போயிடும்ல” என்றாள் ரோஷினி.

ஷர்மிளா பிள்ளையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பாஸ்கரன் அவள் கையிலிருந்த பிரம்புத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார். கோபமாக இருந்திருந்தால்கூட ஹெலினா தாங்கியிருப்பாள்.

“உங்கள நம்பித்தான டீச்சர் அனுப்சேன். என் கொய்ந்த உங்களக் காப்பாத்திகினு கீது. நீங்க அத இன்னா பண்ணீங்க?”

ஹெலினா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். வேறு பள்ளியிலாவது சேர்த்துவிடுங்கள் என்றாள். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ரோஷினியை வந்தவாசியில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹெலினாவின் வேலை போகவில்லை. ரோஷினியை அங்கே பள்ளியில் சேர்த்தாகிவிட்டதா என்று ஷர்மிளாவிடம் அடிக்கடி போனில் கேட்கிறாள். “இன்னும் இல்ல மிஸ்” என்கிறாள் ஷர்மிளா.