உடைந்தால் கொண்டு வரவும்

வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஓர் இரும்புத் துண்டை முட்டுக் கொடுத்திருக்கிறேன். பாதியாய் உடைந்த ஏர்க்கொழு. அதன் முதுகில் புடைத்து நிற்கும் எழுத்துகளில் 'கொண்டு வரவும்' என்பது மட்டும் மிச்சம். காலில் இடித்துக்கொள்ளும்போதெல்லாம் என் மாமனாரைத் திட்டுகிறேன். ஆனால் அதை அப்புறப்படுத்துவதில்லை.

செங்கல்பட்டில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு கொட்டகையில் இரும்புக் கலப்பை செய்யும் கம்பெனியைத் தொடங்கியவர் அவர். ஒவ்வொரு கொழுவிலும் 'உடைந்தால் கொண்டு வரவும், புதிது தரப்படும்' என்று எழுத்து வார்க்கச் சொன்னதும் அவர்தான். சுற்றுவட்டாரத்தில் அந்த வரிக்காகவே கலப்பை விற்றதாம். எழுபதுகளில் டிராக்டர் வந்தது. உலை அணைந்தது, ஆட்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். நான் மருமகளாக வந்தபோது பூட்டிய கொட்டகைகளுக்கு நடுவே எங்கள் வீடு மட்டும் இருந்தது.

என் கணவருக்கு மகாபலிபுரத்தில் வேலை. கடல் தெரிகிற வீடு ஒன்றைக்கூடப் பிடித்துவிட்டார். மாமனாரோ அசைவதாக இல்லை.

"கிடங்குல கீற கொழு தீரட்டும்மா. வாக்கு குடுத்துட்டு ஓடிப்போனவன்னு பேரு வாணாம்" என்றார்.

அவரைத் தனியே விட்டுப் போக முடியாது. கணவரை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்த்தேன். மற்ற நாளெல்லாம் தகரக் கூரையின் வெக்கையில் இரும்புத் தூளைப் பெருக்கிக்கொண்டு, யாருடைய கொழுவாவது உடையக் கூடாதா என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். பாழாய்ப்போன இரும்பு, லேசில் உடையவில்லை. கேட் சத்தம் கேட்டால் முதலில் ஓடுவது நான்தான். உடைந்த கொழுவோடு வருகிறவருக்கு மாப்பிள்ளை உபசாரம் செய்து மோர் கொடுப்பேன்.

கிடங்கில் ஒன்றே ஒன்று மிச்சமானதும் பெட்டி கட்டி வைத்துவிட்டேன். அதற்கும் வேடந்தாங்கல் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்து சேர்ந்தார். உடைந்ததைத் தரையில் போட்டார். புதியதை நானே ஓடிப்போய் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுலயும் அதே எழுத்து கீதே, முதலாளி. இது ஒடஞ்சா நான் எங்க வர்றது?"

மாமனார் கொழுவை வாங்கி எழுத்துகளைத் தடவினார். அத்தனை வருஷமும் அவருக்கு அது தோன்றியதே இல்லை. எனக்கும்தான்.

"இங்கதான் வரணும். வேற எங்க போவ?" என்று அவரிடம் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "கொழு வார்க்குற அச்சு பரண் மேல கீது. பெட்டியப் பிரிச்சிடும்மா" என்றார்.

சமையலறைக்குள் போய் வாய்விட்டு அழுதேன். கடைசியில் என் கணவர்தான் கடலோர வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தார்.

மாமனார் போய் வெகுகாலம் ஆகிறது. இந்த இடத்தை விற்றுவிட்டுத் தன்னோடு வரும்படி மகன் கூப்பிடுகிறான். கதவருகே கிடப்பது அந்த விவசாயி போட்டுவிட்டுப் போன பாதிக் கொழுதான். அவர் வாங்கிப்போனது இன்னும் உடையவில்லை போலிருக்கிறது. கேட் சத்தம் கேட்டால் நான் இப்போதும் எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.